கேட்லாக்கில் பார்த்த நாய்

செருப்பு வாங்கப் போறவன்கூட ஒருதடவை காலை விட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்குவான். என் தம்பி, பதிமூணு பதினாலு வருஷம் வீட்டுல கூடவே இருக்கப் போற ஒரு ஜீவனை சோபா கேட்லாக்ல படம் பார்த்து முடிவு பண்ணினான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கிட்டு வரும். அவன் மேல மட்டும் இல்லை, என் மேலயும்தான். அதையும் சொல்றேன்.

தம்பிக்குத் தொழில் சோபா. பழசுக்குத் தோல் மாத்துவான், புதுசும் செய்வான். கட்டடத்துல கீழே அவன் கடை, முதல் மாடியில அவன் குடும்பம், ரெண்டாவது மாடியில நான். எனக்குன்னு புருஷன் பிள்ளை கிடையாது. வீடு வீடாப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலை. ஒரு நாளைக்கு நூத்தம்பது கதவு தட்டுவேன். சாயங்காலம் படியேறும்போது ரெண்டு காலும் என்னுதா இல்லை வாடகைக்கு எடுத்ததான்னு சந்தேகமா இருக்கும்.

தம்பியோட கையைப் பத்திக் குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். சோபா மூலையில ஒரு சுருக்கம் விழாம தோலை மடிச்சு இழுத்து அடிப்பான். கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பார்த்தே இது நிஜத் தோல், இது ரெக்ஸின், இது ரெக்ஸின்லயும் மட்டம்னு சொல்லிடுவான். கோளாறு எல்லாம் தோலுக்கு உள்ளே இருக்கிற விஷயத்துலதான். ஸ்பிரிங் போயிருக்கா, கட்டை உளுத்திருக்கான்னு பார்க்க ஆள் வச்சிருக்கான். இவன் மேல்துணி மட்டும் பார்ப்பான்.

அப்புறம் அந்த ஒரு வார்த்தை. "விடு." சின்ன வயசுலேருந்தே அவன் வாயில ஒட்டிக்கிட்டது. பத்தாவது பெயிலானப்ப, "விடுக்கா." முதல் முதலாளி துரத்திவிட்டப்ப, "விடுக்கா, அவன் கிடக்கான்." அப்பாவுக்குக் கண்ணுல புரை வந்தது, ஆஸ்பத்திரியில நாள் கேட்டுட்டு வாடான்னா, "அடுத்த மாசம் பார்த்துக்கலாம் விடுக்கா." அந்த அடுத்த மாசம் வரவே இல்லை, அப்பா கடைசி வரைக்கும் பேப்பர்ல தலைப்பு மட்டும்தான் படிச்சார். கடைப் பசங்க அவன் இல்லாதப்ப அவனை 'விடு முதலாளி'ன்னுதான் சொல்லுவாங்க. அவனுக்கும் தெரியும். அதையும் விட்டுட்டான்.

அவன் மகள் பாப்பா ஆறாம் வகுப்புல படிக்கிறா. ரெண்டு வருஷமா நாய் வேணும் நாய் வேணும்னு நச்சரிச்சிருக்கா. தம்பி பொண்டாட்டி கறாரா முடியாதுன்னுட்டா. அவளுக்கு முட்டி வலி, மூணு ரூம் வீடு, நாள் பூரா கடைத் தூசியே கூட்டி மாளலை. சரியான பதில். அதோட முடிஞ்சிருக்கணும்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக் கம்பெனி கேட்லாக் ஒண்ணு கடைக்கு வந்தது. அட்டையில கரும்பழுப்புத் தோல் சோபா. அதுக்கு முன்னாடி கம்பளத்துல, அதே நிறத்துல, வழவழன்னு ஒரு நாய் படுத்துக்கிட்டு இருக்கு. தம்பிக்குக் கிறுக்கு பிடிச்சது அந்த நிமிஷம்தான். அந்தப் பக்கத்தைக் கையில எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு ஏறி வந்தான். இதே மாதிரி ஒரு நாயை நம்ம சோபா பக்கத்துல படுக்க வச்சுப் படம் எடுத்துக் கடை போர்டுல போட்டா எப்படி இருக்கும்னு கேட்டான். முடி குட்டை, துணியில ஒட்டாதாம். நிறம் அழுக்கு காட்டாதாம். பாப்பாவுக்கும் ஆசை தீருமாம். ஒரு தடவைகூட அது என்ன நாய், என்ன பண்ணும், என்ன தின்னும்னு அவன் வாயில வரலை.

நான்தான் விசாரிச்சேன். நான் மீட்டர் குறிக்கிற லைன்ல எல்லா வீட்டு நாயும் எனக்குத் தெரியும், ரெண்டு கடிச்சும் இருக்கு. ஒரு கால்நடை டாக்டர் வீட்டு மீட்டர் குறிக்கும்போது படத்தைக் காட்டினேன். பாயிண்டர்னு சொன்னார். வேட்டைக்காரங்களோட போற ஜாதி. நாள் முழுக்க வயல்ல ஓடும். பறவை வாடை அடிச்சா ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கிட்டுச் சிலை மாதிரி நின்னு மூக்கால இடத்தைக் காட்டும். சுட்டு விழுந்ததைப் பல் படாம வாயில தூக்கிட்டு வந்து கையில குடுக்கும். "வீட்டுக்கு நல்ல நாய்தான்மா, பிள்ளைகளோட நல்லா ஒட்டும், ஆனா தினமும் ரெண்டு மணி நேரம் ஓட விடணும், மூளைக்கும் வேலை குடுக்கணும், இல்லைன்னா வீட்டையே பிரிச்சிடும்"னார். இதை அப்படியே வந்து தம்பிகிட்டச் சொன்னேன். ஒரு எழுத்து விடாம சொன்னேன். "எல்லா நாயும் நாய்தான்க்கா"ன்னான்.

ஊருக்கு வெளியே ஒரு அம்மா இந்த ஜாதியை வளர்க்கிறாங்கன்னு தெரிஞ்சது. பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சரா இருந்து ஓய்வு வாங்கினவங்க. கழுத்துல இன்னும் விசில் தொங்கும், அதனால எல்லாரும் விசில் டீச்சர்னுதான் சொல்றாங்க. தம்பி என்னையும் கூட்டிக்கிட்டுப் போனான். நாலு நாயைப் பத்தி விசாரிச்சவ நீதானே, பக்கத்துல இருந்தா ஒரு மரியாதையா இருக்கும்னான். நானும் பெருமையாக் கிளம்பினேன்.

வேலி போட்ட பெரிய நிலம். குட்டிகளை நாலு மாசம் வரைக்கும் வச்சிருந்து மூணு வார்த்தை பழக்கித்தான் குடுப்பாங்களாம். வா, நில், விடு. வாயில என்ன இருந்தாலும் 'விடு'ன்னா நம்ம உள்ளங்கையில வைக்கணும். ஒரு குட்டி வாயில துணி உருண்டையோட ஓடி வந்தது. டீச்சர் மெதுவா "விடு"ன்னாங்க. அவங்க கையில அதை வச்சுட்டு, சரியாப் பண்ணினேனான்னு முகத்தை அண்ணாந்து பார்த்தது. உண்மையைச் சொன்னா எனக்கே மனசு இளகிடுச்சு.

தம்பி என்ன பண்ணினான் தெரியுமா? குட்டிகளை வரிசையாப் பிடிச்சு உள்ளங்கையை முடிக்கு எதிர்ப்பக்கமாத் தடவிப் பார்த்தான். வெல்வெட்டு வாங்கப் போனா இழை பார்ப்பானே, அதே மாதிரி. கடைசியில அந்தத் துணி உருண்டைக் குட்டியைக் காட்டி இதுதான் மோக்கா பிரவுன்னான். அது அவன்கிட்ட இருக்கிற தோல் சாம்பிள் புத்தகத்துல ஒரு நிறத்தோட பேரு. நாய்க்குப் பேரும் அதுவே ஆயிடுச்சு, மோக்கா.

டீச்சர் உட்கார வச்சுக் கேள்வி கேட்டாங்க. தோட்டம் இருக்கா? இருக்குன்னான் தம்பி. எங்க கட்டடத்துல தோட்டம்னா மாடிப்படி ஓரம் இருக்கிற ரெண்டு பூந்தொட்டி. யார் ஓட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்க? "நான்தான் மேடம். தினமும் காலையில ஆறு கிலோமீட்டர் ஓடுறவன்"னான். அவன் கடைசியா ஓடினது எந்த வருஷம்னு அவனுக்கே தெரியாது. பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க? எல்லாரும்னான். வாய் கூசாம, அடுக்கடுக்கா. நான் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். அந்நியங்க முன்னாடி உடன்பிறந்தவனைக் காட்டிக் குடுக்கிறதான்னு வாயைப் பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்துட்டேன். டீச்சர் என் பக்கம் திரும்பினப்ப ஒரு சிரிப்பு வேற சிரிச்சேன். தூ!

கிளம்பும்போது ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினாங்க. வளர்க்க முடியலைன்னா தன்கிட்டயேதான் திருப்பிக் குடுக்கணும், வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. தம்பி படிக்காமலே போட்டான்.

நாலே நாலு நாள் காலையில கூட்டிட்டுப் போனான். அதுவும் தெருமுனை வரைக்கும். அங்கே தெரிஞ்சவங்களோட நின்னு பேசுவான், குட்டி கழுத்து வாரை இழுத்துக்கிட்டுத் தவிக்கும், திரும்பி வந்துடுவான். அஞ்சாம் நாள் படம் எடுத்தாச்சு. கரும்பழுப்பு சோபா, பக்கத்துல மோக்கா. அது ஒரு நொடி அடங்கி உட்கார கடைப் பசங்க ஒரு மணி நேரம் போராடினாங்க. படம் நல்லாத்தான் வந்தது, அதை மறுக்கலை. போர்டு மாட்டின அன்னையோட அவனுக்கு அந்த நாயால ஆக வேண்டியது முடிஞ்சு போச்சு.

அப்புறம் தம்பி பொண்டாட்டி கூட்டிட்டுப் போனா. புறாவைப் பார்த்து அது பாய்ஞ்ச பாய்ச்சல்ல படியில விழுந்து முட்டி பலூன் மாதிரி வீங்கிடுச்சு. அப்புறம் பாப்பா. அவளால அதைப் பிடிக்க முடியலை, அது அவளை இழுத்துக்கிட்டு ஓடும். பரீட்சை வந்தது, அதுவும் நின்னது. என்கிட்டயும் வந்து கேட்டாங்க, தம்பி பொண்டாட்டிதான் கேட்டா. "அண்ணி, சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும்." நாள் பூரா நடந்துட்டு வர்றவகிட்ட மறுபடி நடக்கச் சொல்றியே, உனக்கு இரக்கமே இல்லையான்னு பிடிபிடின்னு பிடிச்சுக்கிட்டேன். அவ அதுக்கப்புறம் கேட்கலை.

மோக்காவுக்குப் பகல் முழுக்க மூணு ரூமுக்குள்ள ஓட்டம். நான் லீவு எடுத்த நாள்ல மேலேயிருந்து கேட்பேன். நகம் தரையில கிறீச் கிறீச்னு, முன் ரூம்லேருந்து சமையல்கட்டு, சமையல்கட்டுலேருந்து முன் ரூம். வீடு வீடா இல்லை. மெத்தை கிழிஞ்சு பஞ்சு பறக்குது. கதவுக் காலைக் கடிச்சு வச்சிருக்கு. சோபா ஓரமெல்லாம் மூத்திர நாத்தம், மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ளே போகணும். வாயிலேருந்து கோந்து மாதிரி வடியுது, அது பாப்பாவோட நோட்டுல, துவைச்சு வச்ச துணியில. முடி ஒட்டாதுன்னானே பெரிய மனுஷன். குட்டை முடிதான் ஊசி மாதிரி துணிக்குள்ள குத்திக்கிட்டு நிக்குது, சீப்பு போட்டாலும் வராது, டேப் ஒட்டி இழுத்தாலும் வராது. கடையில ஒருத்தர் அளவு பார்க்கிறதுக்காகப் புது சோபாவுல உட்கார்ந்துட்டு எழுந்தார், அவர் வெள்ளைக் கால்சட்டைப் பின்பக்கம் கம்பளி ஆயிடுச்சு. இருபத்தஞ்சு வருஷம் துணியோட புழங்கினவனுக்கு இது தெரியாதா? தெரிஞ்சுக்க நினைக்கலை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். அந்த வார்த்தையை அவங்க என்ன பண்ணினாங்கன்றதுதான் எனக்கு ஆறலை.

வந்த புதுசுல மோக்காவுக்கு 'விடு'ன்னா உயிர். எங்கே இருந்தாலும் காது நிமிரும். ஆனா அந்த வீட்டுல அந்த வார்த்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும்? தம்பி போன்ல, "சரி விடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்." மோக்கா வாயில இருந்ததை அவன் காலடியில கொண்டு வந்து வைக்கும். பொண்டாட்டி கேஸ் தீர்ந்து போச்சும்பா, "இப்ப என்ன, விடு." வைக்கும். மகள் அழுவா, "அட விடு பாப்பா." வைக்கும். ஒரு தடவை நான் பார்த்துக்கிட்டு இருக்கேன், அது வாயில ஒண்ணும் இல்லை. இவன் யாரையோ "விடு விடு"ன்னான். அது திகைச்சுப் போய், உள்ளே ஓடி, ஒரு செருப்பைத் தேடித் தூக்கிட்டு வந்து, அவன் முன்னாடி வச்சுட்டு, முகத்தை அண்ணாந்து பார்த்தது. அவன் போன்லயே இருந்தான். செருப்பைக் காலால தள்ளிவிட்டான். அது மறுபடியும் ஓடிப்போய்ப் பாப்பாவோட தண்ணி பாட்டிலைக் கொண்டு வந்தது. கடைப் பசங்க சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்தது.

சொன்னேன் தம்பிகிட்ட. அந்த வார்த்தையை நாய்க்குன்னு வச்சுட்டு நீ வேற ஏதாவது சொல்லித் தொலைடா, இல்லை நாய்க்காவது வேற வார்த்தை பழக்குடான்னேன். அவன் என்ன பதில் சொன்னான்னு தனியாச் சொல்லணுமா? மூணு மாசத்துல மோக்கா கொண்டு வந்து வைக்கிறதை நிறுத்திடுச்சு. நாலாவது மாசம் அந்த வார்த்தைக்கு அதோட காதுகூட அசையலை. மின்விசிறிச் சத்தம் மாதிரி அதுவும் ஒரு சத்தம்னு ஆயிடுச்சு.

அந்தச் சமயத்துலதான் இன்னொரு கூத்தும் ஆரம்பிச்சது. கடையில கத்திரிக்கோலால வெட்டும்போது அதுல பட்ட வெளிச்சம் சுவத்துல ஓடும்ல, மோக்கா அதைப் பார்த்து ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்க ஆரம்பிச்சது. மூக்கு நீட்டி, வால் நேரா, உடம்பு நடுங்க. வெளிச்சம் போன பிறகும் வெறும் சுவத்தைப் பார்த்து அரைமணி நேரம் நிக்கும். வர்றவங்க ஆகா என்ன அழகுன்னு படம் எடுத்துக்கிட்டாங்க. வயல்ல பறவையைக் காட்ட வேண்டியது வெறும் சுவத்தைக் காட்டிக்கிட்டு நிக்குது, இதுல என்ன அழகு? எனக்குப் பார்க்கவே பிடிக்கலை. பார்க்கப் பிடிக்கலைன்னு மாடியேறிப் போயிட்டேன், அவ்வளவுதான் நான் பண்ணினது.

ஆறாவது மாசம், பாப்பாவுக்கு லீவு விட்டிருந்த ஒரு மத்தியானம். நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். கீழே கடையில ஒரே களேபரம். சோபா ஓரத்துல தையலுக்குள்ள வச்சுத் தைக்கிற பைப்பிங் கயிறு, அதோட ஒரு முனை மோக்கா வாயில. மறுமுனை தம்பி கையில. மோக்காவுக்கு அது விளையாட்டு, வாலை ஆட்டிக்கிட்டு இழுக்குது. தம்பி "விடு! விடு! விடு!"ன்னு தொண்டை கிழியக் கத்துறான். வாழ்க்கையிலேயே முதல் தடவையா அந்த வார்த்தையை அவன் மனசாரச் சொன்னது அன்னைக்குத்தான். மோக்கா அவனை ஒரு பார்வை பார்த்தது. கயிறு அறுந்தது. அது வாயில இருந்ததை ஒரே மூச்சுல விழுங்கிடுச்சு. ரெண்டு முழத்துக்கு மேல இருக்கும்.

டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடினோம். அதுக்குள்ள ரெண்டு தடவை வாந்தி, கார் சீட்டெல்லாம் மஞ்சள் நுரை, பாப்பா மடியெல்லாம். கயிறு குடல்ல மாட்டிக்கிட்டா குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துடும், உடனே வயித்தைத் திறக்கணும்னார் டாக்டர். திறந்தார். கயிறு வந்தது. கூடவே பஞ்சு, பாப்பாவோட ரிப்பன் ஒண்ணு, ஸ்டேப்ளர் பின் நாலு. பிழைச்சது அதோட ஆயுசு கெட்டி.

பத்து நாள் கழிச்சுத் தையல் ஓரளவு ஆறினதும் தம்பி சந்தோஷமா மாடியேறி வந்தான். நல்ல இடம் பார்த்தாச்சாம். அவனுக்கு ஃபோம் சப்ளை பண்றவரோட குடோன். காவலுக்கு நாய் வேணுமாம். "பெரிய இடம்க்கா, ஜம்முன்னு இருக்கும்."

அந்த குடோன் என் லைன்ல இருக்கு. ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை அங்கே மீட்டர் குறிக்கிறவ நான். மீட்டர் பெட்டிக்கு நேர் கீழேதான் காவல் நாயைக் கட்டுவாங்க. போன தடவை இருந்தது ஒரு கறுப்பு நாய், சங்கிலி ரெண்டு கை நீளம். அது வட்டம் போட்டுப் போட்டு சிமெண்டுத் தரையே வழவழன்னு ஆகியிருந்தது. தண்ணித் தொட்டியில பாசி. கழுத்துப் பட்டை சதைக்குள்ள இறங்கி, அங்கே புழு நெளிஞ்சது. நான் மூக்கைப் பொத்திக்கிட்டு எண்ணைக் குறிச்சுட்டு வந்தேன். அடுத்த தடவை போனப்ப அந்த நாய் இல்லை, சங்கிலி மட்டும் கிடந்தது.

இதைத் தம்பிகிட்டச் சொன்னேன். டீச்சர்கிட்டத் திருப்பிக் குடுக்கறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கியேன்னும் கேட்டேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "அந்தம்மா மூஞ்சியில எப்படிக்கா முழிக்கிறது? தோட்டம் இருக்கு, ஓடுவேன்னெல்லாம் சொல்லியிருக்கேனே. விடுக்கா. நாய்தானே."

நாய்தானே. அன்னைக்கு நான் பேசின பேச்சு கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். நாப்பது வருஷத்துக்குச் சேர்த்து வச்சுப் பேசினேன், அப்பா கண்ணு வரைக்கும். உன் வெட்கத்துக்கு அது கழுத்துல சங்கிலியாடான்னு கேட்டேன். பாப்பா படியில உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. தம்பி பொண்டாட்டிதான் நாய் வாரை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தா. "நீங்களே கொண்டு போயிடுங்க அண்ணி, அவர் போக மாட்டார்."

ஞாயித்துக்கிழமை காலையில ஒரு வண்டி பிடிச்சுக் கிளம்பினேன். மோக்கா முதல்ல ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு ஒவ்வொரு காக்காய்க்கும் நடுங்குச்சு. ஊர் தாண்டினதும் என் மடியில தலையை வச்சுப் படுத்துடுச்சு. வயித்துல முடியை மழிச்ச இடத்துல தையல் தெரியுது. எச்சில் என் முட்டியெல்லாம் வழியுது. வழக்கமா இருந்தா உதறித் தள்ளியிருப்பேன். தள்ளத் தோணலை. அந்த ஒரு மணி நேரத்துல என் மனசுல ஒரு கணக்கு ஓடுச்சு. காலையில நாலரைக்கு எழுந்தா ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்துடலாம். சாயங்காலம் காலுக்குச் சுடுதண்ணி ஊத்திட்டு மறுபடி ஒரு நடை. நடக்கிறதுதானே என் பிழைப்பே, இன்னும் கொஞ்சம் நடந்தா செத்தா போயிடுவேன்? என் வீட்டுல வீணாப் போறதுக்குச் சாமானும் கிடையாது. வண்டி அங்கே போய் நிக்கிறதுக்குள்ள முடிவே பண்ணிட்டேன். டீச்சர்கிட்ட உண்மையைச் சொல்லி, முறையா என் பேருக்கு எழுதி வாங்கிட்டுத் திரும்பிடணும்.

எல்லாத்தையும் சொன்னேன். தோட்டம் இல்லை, ஓட்டம் இல்லை, போர்டுக்குப் படம் எடுக்கத்தான் வாங்கினான், எல்லாம். டீச்சர் எழுந்து வந்தாங்க. மோக்காவைத் தரையில சாய்ச்சு, தையலைத் தடவிப் பார்த்து, காதைப் புரட்டிப் பார்த்து, காலை மடக்கி நீட்டிப் பார்த்தாங்க. அப்புறம் ஒரு துணி உருண்டையைப் போட்டாங்க. மோக்கா தூக்கிட்டு வந்தது. உள்ளங்கையை நீட்டி மெதுவா "விடு"ன்னாங்க. மோக்கா வாயில துணியோட வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு நின்னது. அவங்க மறுபடி சொல்லலை. கன்னத்துல ரெண்டு விரலைக் குடுத்துப் பொறுமையா வாயைத் திறந்து எடுத்தாங்க.

"இது மனசுல அந்த வார்த்தை செத்துப் போச்சு. வேற வார்த்தைதான் வைக்கணும்"னாங்க.

நானே வளர்க்கிறேன்னு சொன்னேன். நாலரை மணி, ஏரிக்கரை, சாயங்கால நடை, எல்லாத்தையும் சொன்னேன். சத்தியமா ஒரு வார்த்தை பொய் இல்லை அதுல.

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. கோபம்கூட இல்லை அந்த முகத்துல.

"உங்க தம்பி பேசினதை நான் அன்னைக்கே முழுசா நம்பலைம்மா. செருப்பைப் பார்த்தாலே தெரியும், ஓடுறவர் இல்லைன்னு. அதான் உங்க பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீங்க சிரிச்சீங்க. உங்களை நம்பித்தான் குடுத்தேன்."

என் உடம்பெல்லாம் கூசிப் போச்சு. குடோன்ல பார்த்த புழு என் மேலயே ஊர்ற மாதிரி இருந்தது. வீடு வீடாப் போய் ஆயிரம் பேரைப் பார்த்து முகம் சுளிச்சுட்டு வந்தவ நான். தம்பிப் பயலை மனுஷனே இல்லைன்னு கட்டடம் கேட்கத் திட்டினவ நான். வாயைத் திறக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டேன். லீவு நாள்ல வந்து ஒருதடவை பார்த்துட்டுப் போகலாமான்னு.

"வேண்டாம். வந்தீங்கன்னா மறுபடி வருவீங்கன்னு காத்துக்கிட்டு உட்காரும். அது ஏற்கெனவே நிறைய காத்துக்கிட்டு இருந்திருக்கு."

டீச்சர் கழுத்து வாரைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, விசிலை ஒரு ஊது ஊதினாங்க. மோக்கா அவங்க பின்னாடியே வேலிக்கு உள்ளே போச்சு. நான் அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போகலை.